புது கேம்பர் வேன் ஒழுகுகிறது, கழன்று வருகிறது: எதைப் பொறுக்கலாம், எதை விடக் கூடாது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். அப்பா அம்மா, பிள்ளைகளோடு ஊர் சுற்றலாம் என்று ஒரு வேனை எடுத்து, உள்ளே கேம்பராக மாற்றிக் கட்டித் தரச் சொல்லி வாங்கினோம். கைக்கு வந்து 2 மாதம் ஆகிறது. முதல் பயணம் வால்பாறை. மலை ஏறும்போதே மேல் கப்போர்டு திறந்து பாத்திரமெல்லாம் கொட்டியது. ராத்திரி சாரலில் படுக்கைக்கு மேலே தண்ணீர் சொட்டியது. 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறது, விடிய விடிய ஏ.சி. ஓடும் என்றார்கள், ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. சிங்க் நாறுகிறது. படுக்கையை விரித்தால் பாத்ரூம் கதவு திறக்கவில்லை. கட்டித் தந்தவரைக் கேட்டால், "புது வண்டின்னா அப்படித்தானுங்க, ஓட ஓட செட் ஆயிரும், ஒழுகுற இடத்துல சிலிக்கான் அடிச்சுத் தர்றேன்" என்கிறார். நம்பலாமா? அடுத்த மாதம் கொல்லிமலை போக நினைக்கிறோம். போகலாமா?

பதில்: நம்ப வேண்டாம் தம்பி. எஞ்சினும் கியரும் ஓட ஓடப் பழகும். ஒழுகுகிற கூரையும் தளர்ந்த ஸ்க்ரூவும் ஓட ஓட மோசமாகத்தான் ஆகும்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 19 வருஷம் வேலை பார்த்தவன். அப்புறம் நாமக்கல் பக்கம் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டேன். கேம்பர் வேன் இதுவரை 11 கட்டியிருக்கிறேன். மற்றவர்கள் கட்டியதைப் பிரித்துச் சரி செய்து கொடுத்தது அதைவிட அதிகம். அப்படிப் பிரித்த வண்டிகளில் நான் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஓடுகிற பொருளை, நிற்கிற பொருள் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பாடி கட்டுகிற கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கரூரில் பஸ், நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாடு வரைக்கும் போய், காட்டிலும் மேட்டிலும் நின்று போர் போட்டுவிட்டு வருகிறது. அதைக் கட்டியவனுக்கு அதிர்வு என்றால் என்ன என்று தெரியும். ஆனால் கேம்பர் வேனின் உள்வேலையை அந்தக் கைகளிடம் யாரும் கொடுப்பதில்லை. மாடுலர் கிச்சன் செய்கிறவர்களிடம் போகிறது. வீட்டுக்கு அவர்கள் செய்கிற வேலை நன்றாகவே இருக்கும். வீடு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் தண்ணீர். மற்ற எதையும்விட இதுதான் அவசரம். ஒழுகல் தெரிகிற இடமும் தண்ணீர் உள்ளே நுழைகிற இடமும் ஒன்றாக இருக்காது. ஏ.சி.க்காகக் கூரையில் வெட்டிய ஓட்டையில் நுழைந்த தண்ணீர், கூரைச் சட்டத்தோடு வழிந்து, நாலடி தள்ளிப் படுக்கைக்கு மேலே சொட்டும். சொட்டுகிற இடத்தில் உள்பக்கமாகச் சிலிக்கான் அடித்தால் சொட்டுவது நிற்கும், தண்ணீர் நுழைவது நிற்காது. அது உள்ளேயே தேங்கி ஓதம் பிடிக்க வைக்கும். இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், பிளைவுட் ஊறி உப்பும். ஒரு வருஷம் கழித்துச் சுவர் ஷீட்டை விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்த நிலைக்குப் போன வண்டியைச் சரி செய்ய, உள்ளே இருப்பதை முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கும்.

நான் கட்டிய முதல் கேம்பரும் இப்படித்தான் ஒழுகியது. ஏ.சி. ஓட்டைக்குச் சுற்றிலும் உள்சட்டம் கொடுக்காமல் தகரத்தை மட்டும் வெட்டி ஏ.சி.யை உட்கார வைத்துவிட்டேன். 40 கிலோ கூரையில் உட்கார்ந்ததும் தகரம் லேசாகக் குழிந்தது. குழியில் தண்ணீர் தேங்கியது. எவ்வளவு நல்ல சீலன்ட் போட்டாலும் தேங்கி நிற்கிற தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். அந்த வண்டிக்காரருக்கு என் செலவில் கூரையைப் பிரித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதனால் உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான். ஏணி போட்டு ஏறி, ஒரு சொம்பு தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பாருங்கள். ஏ.சி.யைச் சுற்றித் தேங்குகிறதா, வழிந்து ஓடுகிறதா?

அடுத்து, ஒழுகலை இடம் கண்டுபிடிக்கிற முறை. ஹோஸ் பைப்பை எடுத்து ஒரேயடியாக வண்டி முழுக்க அடிக்காதீர்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் ஜன்னலின் அடிவிளிம்பு, பத்து நிமிஷம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். அப்புறம் ஜன்னலின் மேல்விளிம்பு, அப்புறம் கூரையும் சுவரும் சேருகிற இணைப்பு, கடைசியாகக் கூரையில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும்: ஏ.சி., சோலார் வயர், வென்ட். எந்த இடத்தில் அடிக்கும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ அதுதான் வாசல். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நனைந்துவிடும், எதுவும் புரியாது. நல்ல பஸ் பட்டறைகளில் வண்டியை வெளியே விடும் முன் ஷவர் டெஸ்ட் என்று நாலாபக்கமும் தண்ணீரை அடித்துப் பார்ப்பார்கள். உங்கள் வண்டிக்கு அது செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் இந்த ஒழுகல் அங்கேயே தெரிந்திருக்கும்.

சிலிக்கான் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாத்ரூம் டைல்ஸுக்கு அது சரி. வண்டிக் கூரைக்கு வேண்டாம். ஓடும்போது தகரம் முறுகும், வெயிலில் விரியும், ராத்திரியில் சுருங்கும். கரூர் வெயிலில் தகரக் கூரையில் கை வைக்க முடியாது, அதே வண்டி மறுநாள் வால்பாறைக் குளிரில் நிற்கிறது. இந்த அசைவுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட்தான் ஈடு கொடுக்கும். ஏ.சி., ஜன்னல், வென்ட் இவற்றின் விளிம்புக்கு அடியில் பியூட்டில் டேப் (பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் நாடா) வைத்து இறுக்கி, மேலே பாலியூரித்தேன் போட வேண்டும். இன்னொரு தொல்லை, சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் வேறு சீலன்ட் ஒழுங்காகப் பிடிக்காது. அடித்த பிறகு மனம் மாறினால், முழுக்கச் சுரண்டி எடுத்துத் துடைத்த பிறகே மறுவேலை. அதனால் "அடிச்சுத் தர்றேன்" என்று அவர் டியூபோடு வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

ஜன்னலையும் பாருங்கள். தள்ளுகிற கண்ணாடி ஜன்னல் என்றால் அடி ரெயிலில் தண்ணீர் வெளியே போகச் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். சில வண்டிகளில் அந்தத் துளையையே சீலன்ட் போட்டு அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையைப் படுக்கை வசமாக அடிக்கும். கார்காலத்து மழை தாங்கிய ஜன்னல்கூட அதற்குத் தாங்காது.

கப்போர்டு விஷயம். பிரேக்கைப் பலமாக அமுக்கினால், 10 கிலோ பாத்திரம் உள்ள பெட்டி 7, 8 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். வீட்டுக் கப்போர்டில் போடுகிற காந்தப் பூட்டு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. படகுகளில் போடுகிற புஷ் லாக் வகை வேண்டும், பொத்தானை அமுக்கினால் தவிரத் திறக்காதது. டிராயருக்கும் அப்படியே. இது சின்னச் செலவு, ஒரு நாள் வேலை. ஆனால் அதைவிட முக்கியம், கப்போர்டு சுவரில் எப்படி நிற்கிறது என்பது. ஒரு கப்போர்டைக் காலி செய்து உள்ளே பாருங்கள். மெல்லிய தகரத்தில் நேராக ஸ்க்ரூ முறுக்கியிருந்தால் அது அதிர்வில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு ஒரு நாள் கழன்று வரும். கீழே உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மாவாக இருக்கலாம். வண்டியின் சட்டத்தில் ரிவெட் நட் (துளையில் பதித்து இறுக்குகிற, மரை உள்ள நட்) போட்டு, அதில் போல்ட் போட்டு, அதிர்வில் கழலாதபடி இறுக்கியிருக்க வேண்டும். கதவு திறந்து கொட்டியதை மன்னிக்கலாம். கப்போர்டே தகரத்தில் தொங்குவதை மன்னிக்க முடியாது.

மரத்தையும் சோதியுங்கள். சிங்க்குக்கு அடியில் வெட்டுமுனை தெரிகிற இடத்தைப் பாருங்கள். தூளை அழுத்திச் செய்த பலகையா, அடுக்கடுக்காகத் தெரிகிற பிளைவுட்டா? பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா? அதுதான் தண்ணீர் தாங்குகிற மரைன் வகை. ஐ.எஸ். 303 பொதுவான வகை. படுக்கைக்கு ஐ.எஸ். 303 போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். சிங்க்குக்கும் பாத்ரூமுக்கும் 710தான் போட வேண்டும்.

ஏ.சி. கணக்குக்கு வருவோம். இதில் உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் கணக்கே போடவில்லை. லித்தியம் பேட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் 2,560 வாட்-ஹவர், அதாவது இரண்டரை யூனிட் மின்சாரம். 1 டன் வீட்டு ஏ.சி., இன்வர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். பேட்டரி நிறைந்திருந்தாலே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். விடிய விடிய ஓட இதுபோல மூன்று, நான்கு பேட்டரி வேண்டும். உங்களுக்கு ஒன்றரை மணி நேரத்திலேயே நின்றது என்றால், பேட்டரி முழுசாக நிறையவில்லை என்றும் சந்தேகப்படுகிறேன்.

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து பின் பேட்டரிக்குப் போகிற வயரின் தடிமனைப் பாருங்கள். பெரும்பாலும் 6 சதுர மில்லிமீட்டர் வயர் இருக்கும். முன்னாலிருந்து பின்னால் 6 மீட்டர், போக வர 12 மீட்டர். அதில் 30 ஆம்பியர் போனால் சுமார் 1 வோல்ட் வயரிலேயே காணாமல் போகும். 14 வோல்ட் புறப்பட்டால் 13 போய்ச் சேரும். அந்த அழுத்தத்தில் லித்தியம் பேட்டரி நிறையாது. 25 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு கால் வோல்ட்தான். கூடவே நடுவில், வோல்ட்டைப் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தருகிற டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். வயரோடு பியூஸும் இருக்கிறதா பாருங்கள், பேட்டரிக்கு ஒரு ஜாணுக்குள். வயர் தகரத்தைத் துளைத்துப் போகிற இடங்களில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அதிர்வில் தகர விளிம்பே கத்தி மாதிரி இன்சுலேஷனை அறுக்கும், வண்டி தீப்பிடிக்க அது ஒன்று போதும். வெளியிலிருந்து 230 வோல்ட் எடுக்கிற இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும், எர்த் வண்டியின் சேஸிஸோடு இணைந்திருக்க வேண்டும்.

வால்பாறையில் உண்மையில் ஏ.சி. தேவையே இல்லை. கூரையில் 12 வோல்ட் வென்ட் ஃபேன் ஒன்று போட்டால் ராத்திரி முழுக்க ஓடினாலும் 25 ஆம்பியர்-ஹவர் சாப்பிடாது, உள்ளே மூச்சுக்காற்று தண்ணீராகப் படிவதும் குறையும். சொட்டியதில் ஒரு பங்கு அந்தப் படிந்த தண்ணீராகக்கூட இருக்கலாம். மழை இல்லாத குளிர் ராத்திரியிலும் ஈரம் தெரிந்தால் அதுதான் காரணம்.

சிங்க் நாறுவதற்குக் காரணம், சிங்க்குக்கு அடியில் உள்ள வளைவுக் குழாயில், கழிவு டேங்க் நாற்றத்தை மறிக்கிற தண்ணீர் நிற்காததுதான். மலை வளைவில் அது சிந்திவிடும், அல்லது கழிவு டேங்குக்குக் காற்றுக் குழாய் வைக்காததால் உறிஞ்சப்பட்டுவிடும். கூரை வரைக்கும் காற்றுக் குழாய், கூடவே தண்ணீர் தேவைப்படாத ரப்பர் வால்வு. அரை நாள் வேலை.

பாத்ரூம் கதவுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதற்கு எளிய தீர்வு இல்லை. இது வேலைத் தரத்தின் குறை இல்லை, யோசனையின் குறை. வெளிநாட்டு வண்டிகளின் படத்தைப் பார்த்து உள்ளமைப்பைப் போடுகிறார்கள். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, அதனால் அங்கே கேம்பரின் வாசலும் நிழல் பந்தலும் வலப்பக்கம் இருக்கும். அப்படியே காப்பியடித்தால் இங்கே சாலைப் பக்கம், பஸ் உரசிக்கொண்டு போகிற பக்கம் இறங்க வேண்டியிருக்கும். உங்கள் வண்டியில் பந்தல் எந்தப் பக்கம் விரிகிறது என்று பாருங்கள். அங்கே வண்டி பெரிது, படுக்கை விரித்தாலும் நடக்க இடம் இருக்கும். அதை நம் வேனுக்குச் சுருக்கும்போது சுருங்குவது நடைபாதைதான். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி, கதவை எடுத்துவிட்டு மடிகிற கதவோ பக்கவாட்டில் தள்ளுகிற கதவோ போடுவது. வயசான அப்பா ராத்திரி 2 மணிக்கு எழுந்து போக வேண்டும், அதை வைத்து முடிவு செய்யுங்கள். இனி யாராவது கட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்தால், களத்தில் சாக்பீஸால் உள்ளமைப்பை முழு அளவில் வரைந்து, குடும்பத்தோடு அதற்குள் நடந்து, படுத்து, எழுந்து பாருங்கள். எந்தக் கம்ப்யூட்டர் படமும் அதைச் சொல்லித் தராது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். ஒன்று கேஸ். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கிற பெட்டி படுக்கைப் பக்கம் முழுக்க அடைத்திருக்க வேண்டும், பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கிற துளை வேண்டும். கசிவு அலாரம் இருந்தால் அது தரையோரம் இருக்க வேண்டும். மேலே மாட்டியிருந்தால் பிரயோஜனமில்லை. அந்தத் துளை இல்லையென்றால் சிலிண்டரை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

இன்னொன்று எடை. தண்ணீர் டேங்க், டீசல் நிரப்பி, சாமான் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, எடை மேடைக்குப் போங்கள். பொள்ளாச்சியில் தேங்காய் லோடு நிறுக்கிற மேடையே போதும். முழு வண்டி ஒருமுறை, முன்சக்கரம் மட்டும் ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஒருமுறை. ஆர்.சி.யில் போட்டிருக்கிற மொத்த எடையைத் தாண்டுகிறதா பாருங்கள். 100 லிட்டர் டேங்க் என்றால் 100 கிலோ. அதைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருந்தால் முன்பக்கம் லேசாகும், ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிமானம் குறையும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இந்த மூன்று எடைச்சீட்டும் கையில் இல்லாமல் அந்த மலை ஏற நான் சம்மதிக்க மாட்டேன். ஓடும்போது பக்கவாட்டு சோபாவில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். சீட் பெல்ட் உள்ள இருக்கையில் மட்டுமே ஆள்.

எடைச்சீட்டைப் பார்க்கும்போதே ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. ஆர்.சி.யில் இன்னும் சாதாரண வேன் என்றே இருந்தால் விபத்தின்போது இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். மாற்றியதற்கான ஒப்புதல் தாள்களைக் கட்டியவரிடமே கேட்டு வாங்குங்கள்.

அவரிடம் எப்படிப் பேசுவது? சண்டை வேண்டாம், ஆனால் வாய்ப்பேச்சும் வேண்டாம். ஒழுகலை வீடியோ எடுங்கள். குறைகளை எழுதி, தேதி போட்டு, ஸ்பீட் போஸ்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் அனுப்புங்கள். ஒழுகல், கப்போர்டு பிடிமானம், வயரிங், கேஸ் பெட்டி நான்கும் அவர் செலவில், இன்ன முறையில், இத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள். விடிய விடிய ஏ.சி. என்று கொட்டேஷனிலோ மெசேஜிலோ எழுதியிருந்தால் அதையும் சேருங்கள். செய்யவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கட்டியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். கெடு 2 வருஷம். வண்டியை வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் முதலில் வக்கீலிடம் பேசுங்கள், வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

கொல்லிமலையை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். வேலை முடிந்து வண்டி வந்ததும் முதல் ராத்திரியை உங்கள் தோப்பிலேயே கழியுங்கள், மட்டையும் காயும் விழாத வெட்டவெளியாகப் பார்த்து நிறுத்தி. வெளி மின்சாரம் எடுக்காமல் சமையுங்கள், குளியுங்கள், படுக்கையை விரித்து அப்பாவை ராத்திரி எழுந்து நடக்கச் சொல்லுங்கள். தோப்பு மோட்டாரைப் போட்டு ஹோஸில் கூரை மேல் அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். காலையில் படுக்கைக்கு மேலே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.